வைக்கோல் லாரிக்குப் பின்னால் நடந்த மாடுகள்

1. லாரி நின்ற இடம்

ஒரகடம் கூட்டுரோட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரம்தான் வந்திருப்போம். டிரைவர் காதர் பாய் திடீரென்று பிரேக் போட்டார். பாரம் ஏற்றிய லாரி குலுங்கி நின்றது. ரோட்டின் நடுவில் ஒரு வெள்ளைக் காளை படுத்துக் கிடந்தது. அதன் ஜோடி பக்கத்திலேயே தலையைத் தொங்கப்போட்டு நின்றது. ஒரு பெண் தார்மேல் உட்கார்ந்து, சேலைத் தலைப்பால் படுத்த காளையின் முகத்துக்கு நிழல் பிடித்துக்கொண்டிருந்தார். சித்திரை வெயிலில் தார் இளகிக் கிடந்தது.

பாய் ஹாரன் அடித்தார். அந்த அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நான் இறங்கினேன். அப்போது நான் கால்நடைத் துறையில் லைவ்ஸ்டாக் இன்ஸ்பெக்டர். டாக்டருக்குக் கீழே ஊசி போடுவது, காயத்துக்குக் கட்டுவது, சினை பார்ப்பது என் வேலை. கிராமங்களில் எங்களையும் மாட்டு டாக்டர் என்றே கூப்பிடுவார்கள். அன்று எனக்குக் கொடுத்திருந்த வேலை வேறு. செங்கல்பட்டுக்கு ரயிலில் வந்திறங்கிய வைக்கோலை, தாலுகா தலைநகருக்கு வெளியே போட்டிருந்த சர்க்கார் மாட்டு முகாமுக்குப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

எழுபதுகளில் ஒரு வருஷம் அது. முந்தைய ஐப்பசியும் கார்த்திகையும் சொட்டு மழை இல்லாமல் போயிருந்தன. ஏரிகள் வெடித்துக் கிடந்தன. மணிமங்கலத்திலிருந்து வல்லக்கோட்டை வரை எந்த வயலிலும் பச்சை கிடையாது.

"இன்னா ஆச்சும்மா?" என்று கேட்டேன்.

"நடந்து வந்துகினே இருந்துச்சு சார். குந்திகிச்சு. அப்புறம் எழுந்துக்கல."

இடது பக்க வயிற்றில் கையை வைத்து அழுத்தினேன். கல் மாதிரி இருந்தது. மூக்கு காய்ந்திருந்தது. அசை போடுவது நின்று நேரமாகியிருக்க வேண்டும்.

"இதுக்கு என்ன போட்டீங்க?"

"வூட்டுக் கூரையப் பிரிச்சு ஓலையப் போட்டேன். வேற இன்னா கீது எங்கிட்ட?"

அவர் பெயர் ஆரோக்கியமேரி. வல்லக்கோட்டைக்குத் தெற்கே ஒரு சின்னக் காலனியில் வீடு. புருஷன் மெட்ராசில் தறி வேலைக்குப் போனவர், திரும்பி வரவில்லை. மானாவாரி நிலம் கொஞ்சம், இந்தக் காளை ஜோடி, அவ்வளவுதான் அவருக்கு. சர்க்கார் முகாமில் வைக்கோல் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு விடிந்ததும் கிளம்பி மாடுகளை ஓட்டிக்கொண்டு நடந்திருக்கிறார்.

என் பின்னால் நின்ற லாரியை அவர் அப்போதுதான் பார்த்தார். மேலே மலை போல வைக்கோல். அந்தப் பார்வையை நான் எப்படிச் சொல்வது? கோபம்கூட இல்லை அதில். புரியாத ஒன்றைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"இது எங்க போவுது சார்?"

"முகாமுக்கு."

"நானும் அங்கதான் போறேன்," என்றார்.

2. முகாமின் விதி

அந்தக் காலத்து ஏற்பாட்டைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இப்போது வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு அது விசித்திரமாகத் தோன்றும்.

வறட்சி என்று மேலிடம் அறிவித்த பிறகுதான் வைக்கோல் வரும். வந்தது ஒரே இடத்துக்குப் போகும். முகாமுக்குள் கட்டிய மாட்டுக்கு மட்டும் போடலாம். ஒரு கத்தைகூட வெளியே போகக் கூடாது. மாட்டோடு வீட்டில் ஒருவர் அங்கேயே தங்க வேண்டும். கிராமங்களுக்கும் முகாமுக்கும் நடுவில் பத்து, பன்னிரண்டு மைல் ரோடு. தெற்கேயிருந்து வரும் வைக்கோல் லாரி, பட்டினி மாடுகள் கிடக்கும் கிராமங்களின் வாசலைத் தாண்டித்தான் முகாமுக்குப் போகும். மாடுகள் அதே ரோட்டில் அதன் பின்னால் நடந்து போக வேண்டும்.

நடக்க முடிந்த மாடுகள் போய்ச் சேர்ந்தன. முடியாதவற்றுக்கு அடிமாட்டுத் தரகர்கள் இருந்தார்கள். அவர்கள் விதியெல்லாம் பார்க்கவில்லை, லாரியோடு நேராகக் காலனிக்கே வந்தார்கள். கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு ஜனங்கள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். லாரி கிளம்பும்போது மாடு கத்துவதைக் கேட்கக் கூடாது என்று.

இது எங்களுக்குத் தெரியாமல் இல்லை. டாக்டரும் நானும் இதைப் பற்றிப் பேசியிருக்கிறோம். "மேல எழுதியிருக்கேன்பா, பதில் வரட்டும்," என்பார் அவர். பதில் வருவதற்குள் சித்திரை பாதி போய்விட்டது.

3. கயிறு

காளையை ஓரத்துக்கு நகர்த்தத் தோதாகச் சாக்கு இருக்கிறதா என்று நான் லாரியில் தேடிக்கொண்டிருந்தபோதே ஆட்கள் சேர ஆரம்பித்துவிட்டார்கள். பின்னால் வந்த மாட்டுக்காரர்கள் முதலில் வந்தார்கள். பிறகு ரோட்டின் இரண்டு பக்கத்துக் கிராமங்களிலிருந்தும் வந்தார்கள். யார் போய்ச் சொன்னார்களோ தெரியாது. சிலர் மாடுகளையும் ஓட்டிக்கொண்டு வந்தார்கள். வைக்கோல் வாசனை பட்டதும் அந்த மாடுகள் கயிற்றை இழுத்த இழுப்பை நான் என் சர்வீசில் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

கன்னியப்பன் என்று ஒருவர், நாற்பது வயது இருக்கும், நேராக என்னிடம் வந்தார்.

"சார், ஆளுக்கு ரெண்டு கத்தை குடுத்துட்டுப் போ."

"முடியாதுங்க. முகாம்லதான் போடணும்னு உத்தரவு."

"எங்க மாடு முகாம் வரைக்கும் வராது சார். அதோ பாக்கறியே, படுத்துகினு கீது. அதான் முகாம் போன மாடு."

"உத்தரவை நான் மாத்த முடியாது."

"அப்ப லாரி நவுராது."

சொல்லிவிட்டு அவர் லாரிக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். அவரோடு இன்னும் சிலர் உட்கார்ந்தார்கள். அது பரவாயில்லை. லாரிக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஒருவன் பாரம் கட்டிய கயிற்றை அரிவாளால் அறுக்கப் பார்த்தான். இன்னொருவன் எட்டிய வரைக்கும் பிடுங்கிக் கீழே போட்டுக்கொண்டிருந்தான். கூட்டத்தில் ஒரு குரல், "குடுக்கலேன்னா கொளுத்திட்டுப் போவோம், யாருக்கும் வாணாம்," என்றது. அப்படிச் சொன்னவன் வாயில் பீடி எரிந்துகொண்டிருந்தது.

காதர் பாய் என் கையைப் பிடித்தார். "தம்பி, வண்டி சொந்த வண்டி. ஒரு பொறி பட்டா போச்சு. எதையாவது செஞ்சு இவங்கள அடக்குங்க."

எனக்கு இன்னொரு பயமும் இருந்தது. அது கூட்டத்துக்குத் தெரியாது. பட்டினி கிடந்த மாடு தண்ணீர் இல்லாமல் உலர்ந்த வைக்கோலை வயிறு முட்டத் தின்றால் உள்ளே கட்டிக்கொள்ளும். மேரியின் காளைக்கு ஓலை செய்ததை மற்ற மாடுகளுக்கு இந்த வைக்கோலே செய்துவிடும். கொள்ளை போனால் வேலை போகும். கூடவே மாடுகளும் போகும்.

லாரியின் பானட்மேல் ஏறி நின்று கத்தினேன். "தண்ணி இல்லாம போட்டீங்கன்னா செத்துடும்! ஒண்ணு பாக்கியில்லாம செத்துடும்!"

கொஞ்சம் அடங்கினார்கள். கன்னியப்பன் எழுந்தார்.

"அப்ப நீயே போடு சார், எப்பிடிப் போடணுமோ அப்பிடி. முகாம்ல கீற மாட்டுக்குத்தான் போடணும்ன்ற. முகாம்னா இன்னா? கயிறு கட்ன எடந்தானே? இங்க கட்டேன்."

அவர் அதைக் குத்தலாகத்தான் சொன்னார். நான் ரோட்டோரத்தைப் பார்த்தேன். சர்க்கார் நம்பர் போட்ட புளியமரங்கள் வரிசையாக நின்றன. கீழே நல்ல நிழல். அப்பால் ஒரு கிணற்றில் ஆயில் இன்ஜின். அதில் மட்டும் இன்னும் கொஞ்சம் தண்ணீர் இருந்தது.

உத்தரவில் முகாம் ஒன்று என்றுதான் இருந்தது. இன்னொன்று போடக் கூடாது என்று இல்லை. இது சரியான நியாயமா என்று அப்போது யோசிக்க நேரமில்லை.

"பாய், கயிற அவுருங்க," என்றேன்.

மரத்துக்கு மரம் லாரிக் கயிற்றைக் கட்டினோம். பீடியை அணைத்துவிட்டு வந்தால்தான் உள்ளே விடுவேன் என்றேன், அணைத்தார்கள். மாடுகளை வரிசையாகக் கட்டச் சொன்னேன். முதலில் தண்ணீர். பிறகு ஒரு மாட்டுக்கு ஒரு கை வைக்கோல், தண்ணீர் தெளித்து. அது அசை போடுகிறதா என்று பார்த்த பிறகு இன்னொரு கை. கன்னியப்பன் லாரிமேல் ஏறி அவர் கையாலேயே எண்ணி இறக்கினார். சற்று முன் அரிவாளோடு நின்றவன் குடத்தில் தண்ணீர் சுமந்தான்.

மேரியின் காளையை மட்டும் ஏழெட்டுப் பேர் சேர்ந்து சாக்கு போட்டுத் தூக்கி நிழலுக்குக் கொண்டுவந்தோம். கையில் இருந்த குளூக்கோஸ் பாட்டிலை ஏற்றினேன். எண்ணெய் புகட்டினேன். அது எழுந்திருக்கவில்லை.

4. ஜீப்

லாரி வராததால் முகாமிலிருந்து தகவல் போயிருக்கிறது. சாயங்காலத்துக்குள் ஆர்.டி.ஓ. ஜீப்பில் வந்துவிட்டார். கூட இரண்டு போலீஸ்காரர்கள். லத்தியைப் பார்த்ததும் பெண்கள் மாடுகளுக்கு முன்னால் போய் நின்றார்கள்.

"தேவராஜன், சர்க்கார் வைக்கோல கொள்ளை போக விட்டுட்டீங்கன்னு சொன்னாங்க."

"கொள்ளை இல்ல சார். முகாம்."

அவர் கயிற்றைப் பார்த்தார். மாடுகளைப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"யாரு உங்களுக்கு அதிகாரம் கொடுத்தது?"

நான் பதில் சொல்வதற்குள் மேரி காளையின் பக்கத்திலிருந்து எழுந்து வந்தார்.

"சார், அவரத் திட்டாதீங்க. நாங்கதான் நிறுத்தினோம். நடக்கத் தெம்பு கீற மாட்டுக்கு முகாம் இன்னாத்துக்கு சார்? தெம்பு இல்லாததுக்குத்தானே?"

"அம்மா, இந்த விதி ஏன் வந்துச்சு தெரியுமா?" ஆர்.டி.ஓ. குரலை உயர்த்தாமல்தான் பேசினார். "இதுக்கு முந்தின தடவை ஊர் ஊரா கொடுத்தோம். பாதி வைக்கோல் டவுன் பால் பண்ணைக்குப் போயிடுச்சு. வித்தவங்க உங்க ஆளுங்கதான். மாடு செத்துச்சு, வைக்கோலும் போச்சு. நான் யாரை நம்பறது?"

கன்னியப்பன் முன்னால் வந்து, "அது நெசம்தான் சார்," என்றார். "எங்க ஊர்லயே வித்தாங்க. ஆனா சார், கைல குடுத்தா விப்பாங்க. மாட்டு வாயில போட்டா எப்பிடி விப்பாங்க? தெனம் மாட்ட இங்க ஓட்டியாறோம். உங்க எதிர்லயே துன்னட்டும். ராவுக்கு வூட்டுக்கு ஓட்டிகினு போறோம்."

ஆர்.டி.ஓ. மாடுகளின் வரிசையை ஒரு முறை சுற்றி வந்தார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"கலெக்டர்கிட்ட நான் பேசற வரைக்கும் இது நடக்கட்டும். என் வாய் வார்த்தைதான், எழுத்துல ஒண்ணும் கிடையாது. இங்கேயிருந்து ஒரு கத்தை வெளிய போச்சுன்னா முதல் ஆளா உங்களைத்தான் சஸ்பெண்ட் பண்ணுவேன். புரியுதா?"

"புரியுது சார்."

அவர் போன பிறகு லாரியின் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

கலெக்டரிடமிருந்து அனுமதி வரும் வரை நான் அந்தப் புளியமரத்தடியிலேயே கிடந்தேன். யார் சைக்கிளில் சாக்கு கட்டிக்கொண்டு போனாலும் நிறுத்திப் பார்ப்பேன். ஒரு நாள் கன்னியப்பனின் சொந்த மச்சானே துண்டுக்குள் வைக்கோலைச் சுற்றிக்கொண்டு கிளம்பினான். கன்னியப்பன் எல்லார் எதிரிலும் அதைப் பிடுங்கிப் போட்டார். அந்த வீட்டோடு அவருக்குப் பேச்சு நின்றுபோனது. எனக்காக இல்லை, தன் மாட்டுக்காகத்தான் அதைச் செய்தேன் என்று பிறகு சொன்னார்.

மேரியின் காளை ஜீப் வந்த மறுநாள் காலையிலேயே செத்தது. அவர் அழவில்லை. கழுத்து மணியை அவிழ்த்துக்கொண்டு, மற்றக் காளையைக் கொண்டுபோய் வரிசையின் கடைசியில் கட்டினார். "இத்தயாவது பாரு சார்," என்று மட்டும் சொன்னார்.

5. மழை வந்த பிறகு

கலெக்டரின் அனுமதிக்குப் பிறகு வைக்கோல் லாரிகள் புளியமரத்தடிக்கே வந்துகொண்டிருந்தன. ஆடிக் கடைசியில் மழை வந்தது. ஒரே ராத்திரியில் நிலமெல்லாம் ஊறிப்போனது. காலையில் ஜனங்கள் சேற்றில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த வாரமே உத்தரவும் வந்தது. மழை பெய்துவிட்டதால் வறட்சி நீங்கியது, முகாம்களை மூடவும்.

அதைப் படித்துவிட்டு நான் கயிற்றுக்குள் இருந்த மாடுகளைப் பார்த்தேன். விலா எலும்புகள் இன்னும் வெளியே தெரிந்தன. புல் முளைத்து மாட்டு வாய்க்கு எட்டுவதற்கு வாரக்கணக்கில் ஆகும். அதுவரை என்ன தின்னும்? அதைவிடப் பெரிய கேள்வி கன்னியப்பன் வாயிலிருந்து வந்தது.

"ஈரம் காயறதுக்குள்ள உழுது வெதப்பு முடிக்கணும் சார். எதக் கட்டி உழுறது?"

அவரும் பங்குனியிலேயே ஒரு காளையைத் தரகருக்குக் கொடுத்திருந்தார். ஊருக்கு ஊர் இதே கதை. நிலத்தில் ஈரம் இருந்தது, விதை இருந்தது, ஏர் மாடு இல்லை. ஒற்றை மாடுகள் இருந்தன. அவற்றிலும் பாதிக்கு நுகத்தடி தூக்கத் தெம்பில்லை. எல்லாரும் ஒரே சமயத்தில் மாடு தேடினால் சந்தையில் என்ன நடக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. தரகர்கள் மறுபடி வந்தார்கள், இந்தத் தடவை விற்க.

நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போனேன்.

"இன்னும் என்ன தேவராஜன்? மழைதான் வந்தாச்சே."

"அதான் சார் பிரச்சனை. இப்பதான் மாடு வேணும். இப்பப் போய் முகாமை மூடினா, இவ்வளவு நாள் போட்ட வைக்கோல் வீண். வாங்க சார், ஒரு தடவை வந்து பாருங்க."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். ஜீப் சாவியை எடுத்தார்.

நாங்கள் போனபோது மேரியின் வயலில் இருந்தார்கள். மேரிக்கு மிஞ்சியதும் கன்னியப்பனுக்கு மிஞ்சியதும் ஒரே ஏரில் பூட்டியிருந்தன. ஆனால் இரண்டுமே வலத்தை மாடுகள். வலது பக்கம் நின்று உழுதே பழகியவை. இடது பக்கம் கட்டிய மாடு அடிக்கு ஒரு தடவை வலப்பக்கம் தள்ளி, மற்றதை மோதிக்கொண்டிருந்தது. கன்னியப்பன் மேழியை அழுத்திப் பிடித்திருந்தார். மேரி முன்னால் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துப் பின்பக்கமாகவே நடந்து அதை இழுத்து வந்தார். கோணல் மாணலாக ஒரு உழவுச் சால் போனது. பாதியில் மாடு முழங்காலிட்டது. எழுப்பினார்கள். மறுபடி விழுந்தது.

ஆர்.டி.ஓ. செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கினார்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு உழ முடியும் இதுல?"

"மாடு எழுந்து நிக்கற வரைக்கும்தான் சார்," என்றார் கன்னியப்பன். "ஈரம் எங்களுக்காக நிக்காது."

அன்றே அவர் கலெக்டரைப் பார்க்கப் போனார். முகாம் மூடும் உத்தரவு எங்கள் பக்கம் மட்டும் நிறுத்தி வைக்கப்பட்டது. சர்க்கார் டிராக்டர்கள் வாடகைக்கு வந்தன. எல்லாருக்கும் போதவில்லை. டாக்டரும் நானும் ஊர் ஊராகப் போய் எந்த வீட்டில் வலத்தை மாடு இருக்கிறது, எந்த வீட்டில் இடத்தை மாடு இருக்கிறது என்று விசாரித்து ஜோடி சேர்த்தோம். கல்யாணத் தரகு மாதிரி இருக்கிறது என்று டாக்டர் சொன்னார், ஆனால் சிரிக்கவில்லை. காலனி ஆள் மாட்டோடு தன் மாட்டைச் சேர்த்துக் கட்டமாட்டேன் என்று சொன்ன வீடுகள் இருந்தன. அவர்களில் சிலர் ஈரம் காயக் காய மனசு மாறினார்கள். சிலர் மாறவில்லை, அவர்கள் நிலம் கரம்பாகக் கிடந்தது.

மேரி பாதி நிலம் விதைத்தார். மீதிப் பாதிக்கு ஈரம் நிற்கவில்லை. தை மாதம் போனபோது களத்தில் கொஞ்சம் நெல் இருந்தது. "வூட்டுக்கு ஆவும் சார்," என்றார். எனக்கு ஒரு படி அளந்து கொடுக்கப் பார்த்தார், நான் வாங்கவில்லை. கோபித்துக்கொண்டார்.

6. எப்போது நிறுத்துவது

அதன் பிறகு சில வருஷம் கழித்து மறுபடி வறட்சி. அதற்குள் எனக்குப் பதவி உயர்வு கிடைத்திருந்தது. வறட்சி வேலைக்குப் புதிய விதிமுறை எழுதக் கலெக்டர் ஆபீசில் ஒரு கூட்டம் போட்டார்கள். ரெவின்யூ, விவசாயம், கால்நடை என்று எல்லாத் துறை ஆட்களும் இருந்தோம். அந்த ஆர்.டி.ஓ. அப்போது வேறு ஜில்லாவுக்குப் போய்விட்டிருந்தார். ஆனால் புளியமரத்தடி ஏற்பாட்டைப் பற்றி அவர் விவரமாக மேலே எழுதி வைத்திருந்தார் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

வைக்கோலை ஊர்ப் பக்கம் கொண்டுபோய்ப் போடுவது என்பதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. ஏரி வற்றும்போதே தொடங்கலாம், அறிவிப்புக்குக் காத்திருக்க வேண்டாம் என்பதற்குக் கொஞ்சம் விவாதம் நடந்தது, பிறகு ஒப்புக்கொண்டார்கள். கடைசி விஷயத்தில்தான் முட்டிக்கொண்டது. எப்போது நிறுத்துவது?

"மழை வந்தா நிறுத்த வேண்டியதுதானே, இதுல என்ன பேச்சு?" என்றார் ஒரு பெரிய அதிகாரி. ஆடிட் கேள்வி வரும், நிதி இல்லை, மழைக்குப் பிறகு வறட்சிச் செலவு என்று எப்படிக் காட்டுவது என்றெல்லாம் கேட்டார். கேள்விகள் நியாயமானவைதான். என் முறை வந்தபோது எழுந்தேன்.

"சார், ஒரு விவசாயி நம்மகிட்ட வைக்கோல் கேட்டு நிக்கறது மாட்டுக்காக மட்டும் இல்ல. அடுத்த போகத்துக்காக. முதல் உழவு முடியற வரைக்கும் போடணும். அதுக்கு முன்னாடி நிறுத்தறதா இருந்தா, ஆரம்பிக்கவே வேணாம் சார்."

அவ்வளவு கடுமையாகப் பேச நான் நினைத்திருக்கவில்லை. பெரிய அதிகாரி பேனாவை மூடினார், மறுபடி திறந்தார்.

"முதல் உழவு முடியற வரைக்கும்," என்று சொல்லிக்கொண்டே எழுதினார். எழுதிவிட்டு நிமிர்ந்து, "எந்த ஊர்ல எத்தனை ஏர் பூட்ட முடியும்னு மழைக்கு முந்தியே எனக்குத் தெரியணும். யார் சொல்லுவீங்க?" என்று கேட்டார்.

"நாங்க சொல்றோம் சார்," என்றேன்.

அந்த வறட்சியிலும் மாடுகள் செத்தன. தரகர் லாரிகளும் வந்தன. ஆனால் வல்லக்கோட்டைப் பக்கத்தில் பல தடவை அவை காலியாகத் திரும்பிப் போனதை நான் பார்த்தேன். மழை வந்த வாரம் ஏர்கள் வயலில் இறங்கின.

இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்கள் கிணற்றில் எவ்வளவு தண்ணீர், மழை எவ்வளவு என்று கேட்பதைப் பார்க்கிறேன். கேட்க வேண்டியதுதான். அதோடு, மழை வந்த மறுநாள் காலையில் இந்த வீட்டுக்காரரால் வயலில் இறங்க முடியுமா என்றும் கேளுங்கள். முடியாது என்று பதில் வந்தால், அங்கே உங்கள் வேலை இன்னும் முடியவில்லை.